மூக்கு சொன்ன வயது

திங்கட்கிழமை என்றால் தூத்துக்குடித் துறைமுகத்தில் முதலில் வேலை செய்வது மூக்குதான். டீ குடிப்பதற்கு முன், படகில் கால் வைப்பதற்கு முன், ஏன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பதற்கும் முன், படகுத்துறையில் வரிசையாக நின்று மூக்குக்குச்சியை வாங்கிக்கொள்வார்கள். ஈர்க்குச்சி பருமன்தான் இருக்கும். நுனியில் பஞ்சு மாதிரி ஒரு மொட்டு. தலையைச் சாய்த்து, மூக்கின் உச்சி வரை ஏற்றி, ஒரு சுற்று சுற்றி எடுத்து, மணிக்கட்டில் கிடக்கும் நிறவளையின் துளைக்குள் செருக வேண்டும். வளை கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு பச்சை எரியும். அவ்வளவுதான், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

படகு ஓட்டும் புகாரிக்கு மட்டும் ஒவ்வொரு திங்களும் ஒரு கூத்து. குச்சி உள்ளே போனதுமே தும்மல் பிடித்துக்கொள்ளும்.

"கேப்டனக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னைக்குப் பெருசா வருது."

"தும்முததுக்கு முன்னாலயே எச்சரிக்கை கொடுக்கிற ஒரே ஆளு நீதான்யா" என்று சிரித்தபடி டெல்பினா கொரேரா தன் குச்சியை வளைக்குள் செருகினாள்.

டெல்பினா துறைமுகத்தின் பைலட். வெளிக்கடலில் நிற்கும் கப்பலில் ஏறி, அதைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து கட்டுவது அவள் வேலை. கப்பல் என்னவோ தானாகத்தான் ஓடும். வழியையும் அதன் கணினியே போட்டுவிடும். ஆனால் மறுபடி வளர்த்தெடுத்த பவளத்திட்டுகளுக்கு நடுவே அந்த வழி சரியா என்று கடலின் நிறத்தையும் காற்றையும் பார்த்து ஒரு மனுஷி சொல்ல வேண்டும். சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காலத்தில் எல்லா வேலையும் அப்படித்தான் ஆகியிருந்தது. வண்டி தானே ஓடியது, ஆஸ்பத்திரியில் இயந்திரமே அறுத்தது, பாங்கில் இயந்திரமே எண்ணியது. மனிதனுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: "சரி" என்று சொல்வது, அல்லது "வேண்டாம்" என்று சொல்வது. ஆகவே, அந்தச் சரியைச் சொல்லுகிற மூளை தேய்ந்துபோகாமல் இருக்கிறதா என்று அரசாங்கம் வாராவாரம் பார்த்தது. நரம்பும் நரம்பும் கைகோத்துக்கொள்கிற இடம் இருக்கிறதே, சினாப்ஸ் என்பார்களே, இணைமுனை என்று தமிழில் பேர் வைத்திருந்தார்கள், அந்த இடத்தில் புரதங்கள் எவ்வளவு மிச்சம் என்று குச்சி பார்த்துச் சொல்லிவிடும்.

டெல்பினாவின் வளை வழக்கத்தை விட அதிக நேரம் யோசித்தது. பிறகு பழுப்பு எரிந்தது.

புகாரிக்கு வந்துகொண்டிருந்த தும்மல் பாதியில் நின்றுபோனது.

"வளை கெட்டுருக்கும்க்கா. தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்த்தாள். வேறு குச்சி வாங்கி மற்ற மூக்குத்துளையில் விட்டுப் பார்த்தாள். மறுபடியும் பழுப்பு, கடையில் விற்கிற கருப்பட்டி நிறம். வெளியே கடலில் அவளுக்காக ஒரு கோதுமைக் கப்பல் காத்துக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவர வேறொரு பைலட்டை அனுப்பினார்கள். முதல் பழுப்புக்கு எச்சரிக்கை; அந்த வாரம் கப்பல் ஏறக் கூடாது. அடுத்த திங்களும் பழுப்பு எரிந்தால் அவள் கையெழுத்து செல்லாது. எதற்குமே செல்லாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டெல்பினாவுக்குத் தன் வேலையைப் பற்றிய கவலை கூட இரண்டாவதாகத்தான் இருந்தது. முதல் கவலை, வீட்டில் ஏற்கனவே ஒரு பழுப்பு வளை இருந்தது.

அவள் கணவன் இன்னாசியின் வளை ஏழு வருடத்துக்கு முன்பே பழுத்துவிட்டது. பழுப்பு என்றால் ஜெயிலில் போடுவதில்லை. சட்டம் அவ்வளவு மோசமில்லை. துணையாள் ஒருவர் கூட இருந்தால் போதும். பழுப்புக்காரர் கடையில் சாமான் வாங்கினால் துணையாள் தன் பச்சை வளையைத் தொட்டுச் சரி சொல்ல வேண்டும். வண்டியில் ஏறினால், மருந்து வாங்கினால், முடி வெட்டிக்கொண்டால் கூட அப்படித்தான். இன்னாசிக்கு டெல்பினா துணையாள். ஒரு வீட்டில் இரண்டு பேரும் பழுத்துவிட்டால்தான் சங்கடம். பச்சை இல்லாத வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரையும் துணை இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆண்கள் இல்லம் ஆறுமுகநேரியில், பெண்கள் இல்லம் கயத்தாறில்.

இன்னாசி கூடத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் துறைமுகத்தின் எஞ்சின் பட்டறையில் மேஸ்திரி. எந்த எஞ்சினைப் பிரிக்கலாம், எதைத் தூக்கிக் கடலில் போடலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் இன்ஜினியர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். இப்போதும் கை அப்படியே இருந்தது. இறாலின் ஓடு அவர் விரலில் சட்டை கழற்றுகிற மாதிரி கழன்றது.

"என்னட்டி, சீக்கிரம் வந்துட்ட?"

அவள் வளையைக் காட்டினாள். அவர் இறாலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யணும்?"

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"நான் என்ன நினைக்க. நீ சொன்னா சரி."

இந்த ஏழு வருடத்தில் அந்த வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். மத்தியானம் சோறா கஞ்சியா? நீ சொன்னா சரி. மகளை வெளியூரில் கட்டிக்கொடுக்கலாமா? நீ சொன்னா சரி. நீலச் சட்டையா வெள்ளையா? நீ சொன்னா சரி. டெல்பினா அதைப் பணிவு என்று நினைத்திருந்தாள். சில நாள் அன்பு என்று கூட நினைத்திருந்தாள்.

இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை எழுந்தது. பாளையங்கோட்டையிலிருந்து இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த ரீத்தா மதினி.

"ஏ டெல்பினா! பாலு தீஞ்சு தெருவே நாறுது! ரெண்டு பேரும் உள்ள இருந்துக்கிட்டு என்னத்தச் செய்யுதிய?"

டெல்பினா ஓடிப் போய்ப் பார்த்தாள். பால் சட்டி கரியாகி, புகை கூரை வரை எழும்பி நின்றது. அடுப்பை அணைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குத் தெரிந்தது, இந்தப் பக்கம் இருந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"உங்க தெருவுல பொறந்தவுகளுக்கு மூக்கு சும்மா அழகுக்குத்தான்" என்றாள் மதினி. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கல்யாணமான புதுசுல மல்லிகைப்பூ வச்சிக்கிட்டுப் பக்கத்துல போய் நின்னேன். என்னது தலையில வெள்ளையா இருக்குன்னு கேட்டாரு."

வேறு நாளாக இருந்தால் டெல்பினா சிரித்திருப்பாள். அன்று சட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அவர்கள் தெருவுக்குக் கருவாட்டுப்பேட்டை என்று பெயர். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அங்கே மீன் காயாத இடமில்லை. ஈ மொய்க்காமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடி தூவுவார்கள். பிள்ளைகள் அந்தக் களத்திலேயே ஓடிப் பிடித்து விளையாடி, அந்தப் பொடியிலேயே புரண்டு வளர்ந்தார்கள். பிற்பாடு பொடியைத் தடை செய்தார்கள். ஆனால் தெருவில் பிறந்த அத்தனை பேருக்கும் வயது ஏற ஏற வாசனை மங்கியது. பொடி சுமந்த இன்னாசிக்குச் சீக்கிரமாக. படிக்க வெளியூர் போன டெல்பினாவுக்குக் கொஞ்சம் தாமதமாக. இது ஊர் அறிந்த கேலி. இன்னொன்றும் ஊர் அறிந்ததுதான்: பேட்டைக்காரர்கள் சீக்கிரம் பழுத்துவிடுவார்கள், அவர்களுக்கு மூளை மட்டு. இந்த இரண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. டெல்பினாவும் அன்றுதான் பார்த்தாள், கையில் கரிப்பிடித்த சட்டியோடு.

மறுநாள் காலை மூளைநல மையத்தில் டாக்டர் செண்பகவல்லியின் முன் போய் உட்கார்ந்தாள். கோவில்பட்டிக்காரி. முகத்தில் தூக்கம் போதாத களைப்பு. இணைமுனைப் புரதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள், இப்போது திங்கள்தோறும் வருகிற பழுப்பு எண்ணிக்கையை மேலே அனுப்புகிற வேலையில் இருந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி டாக்டர். குச்சி எதைத் தொடுது?"

"மூக்கோட உச்சியில வாசனை நரம்பு இருக்கு மேடம். மண்டையோட்டைத் திறக்காம மூளையை எட்டித் தொடுறதுக்கு அது ஒண்ணுதான் வழி. அங்க இருக்கிற இணைமுனையில புரதம் எவ்வளவுன்னு பார்க்கோம்."

"அங்க இருக்கிறதும் மத்த இடத்துல இருக்கிறதும் ஒண்ணுதானா?"

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இல்ல. மூளை முழுக்க ஒரே மாவு கிடையாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு புரதக் கலவை. சில புரதம் ரெண்டு மூணு நாள்ல அழிஞ்சு புதுசு வரும். சிலது மாசக்கணக்கா அப்படியே நிக்கும். ஞாபகம் வைக்கிற இடத்துல ஒரு விகிதம், கை வேலை பழகுற பின்மூளையில ஒரு விகிதம், முடிவெடுக்கிற நெத்திப் பக்கத்துல வேற விகிதம். உங்க ஊரையே எடுத்துக்குங்க. உப்பளம் ஒரு பக்கம், துறைமுகம் ஒரு பக்கம், மக்ரூன் கடை ஒரு பக்கம்."

"அப்ப உப்பளத்துல மழை பெஞ்சு உப்பு கரைஞ்சுட்டா, துறைமுகத்துல கப்பல் வராதுன்னு எழுதிருவீங்களா?"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பெரும்பாலானவங்களுக்கு வயசானா முதல்ல மங்குறது மூக்குதான். அதனால குச்சி பெரும்பாலும் சரியாத்தான் சொல்லும். முழு மூளைப்படம் எடுக்கிறதுன்னா பெரிய மிஷின், பெரிய வேலை. ஊருக்கெல்லாம் எடுத்து முடியாது."

"பெரும்பாலும்ல அடங்காதவங்க?"

"அவங்க மேல்முறையீடு பண்ணலாம். சட்டத்துல இடம் இருக்கு."

"யாராவது பண்ணியிருக்காங்களா?"

"இல்ல." டாக்டர் மேஜையைப் பார்த்தாள். "பழுப்புக்காரங்க மனு போடணும்னா துணையாள் சம்மதிக்கணும். துணையாளுங்க சம்மதிக்கிறதில்ல. வயசான காலத்துல எதுக்கு அலைச்சல்னு சொல்லிருவாங்க. அன்பாத்தான் சொல்லுவாங்க."

"எனக்கு அடுத்த திங்கள் வரைக்கும் கையெழுத்து இருக்கு."

"இருக்கு. ஆனா உங்க படம் மட்டும் போதாது மேடம். ஏதோ ஒருத்தருக்கு இப்படி, தப்பிப் பிறந்த கேஸ்னு தள்ளிருவாங்க. அதே களத்துல வளர்ந்து, ரொம்ப நாளைக்கு முன்னாலயே பழுத்த இன்னொருத்தர் வேணும். ரெண்டு படத்துலயும் மூக்கு மட்டும் செத்து, மத்தது நல்லா இருந்தாத்தான் தெருவுக்கே பேசலாம்."

"அவரு வீட்டுல இறால் உரிச்சுக்கிட்டு இருக்காரு" என்றாள் டெல்பினா. "கூட்டிட்டு வாரேன்."

கூட்டிக்கொண்டு வருவது அவள் நினைத்த அளவு சுலபமாக இல்லை. நீ சொன்னா சரி என்று எதற்கும் சொல்கிற மனிதர் இதற்கு மட்டும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு எதுக்குட்டி அதெல்லாம். உனக்கு எடுத்துக்க."

"நீங்களும் வந்தாத்தான் நடக்கும்ங்க."

"ஏழு வருஷம் பழுப்புன்னு இருந்தாச்சு. இப்பப் போயி மிஷின்ல படுத்து, அதுவும் பழுப்புன்னு சொல்லிருச்சுன்னா? குச்சி சொன்னா, ஒருவேளை பொய்யா இருக்கும்னு ராத்திரி படுத்துக்கிட்டே நினைச்சுக்கலாம். மிஷின் சொன்னா நினைக்க முடியாதுல்லா."

இத்தனை வருடமாக அவர் அப்படி நினைத்துக்கொண்டு படுத்திருந்தார் என்பதே அவளுக்குத் தெரியாது. அவள் கேட்டதில்லை. ஆனாலும் அவள் விடவில்லை.

"நீங்க ஆறுமுகநேரி, நான் கயத்தாறு. அது பரவாயில்லையா உங்களுக்கு?"

அவர் சுவரின் காரையை நகத்தால் சுரண்டினார்.

"அங்க உங்களுக்கு யாரு இறால் வாங்கித் தருவா? உப்புமா போடுவான் மூணு வேளையும்."

இன்னாசி மெதுவாகத் திரும்பினார். "உப்புமாவா?"

"ரவை உப்புமா."

"சரி, வாரேன்" என்றார். அது யோசித்துச் சொன்ன சரியா, உப்புமாவுக்குப் பயந்து சொன்ன சரியா என்று டெல்பினா ஆராயவில்லை. சட்டையை எடுத்து நீட்டினாள், அவரைக் கேட்காமலே, நீலச் சட்டையை.

மூளைப்படம் எடுப்பதற்கு முன் கையில் ஒரு ஊசி போடுவார்கள். அதில் இருக்கிற ஒளிரும் மை ரத்தத்தோடு மூளைக்குப் போய், ஒவ்வொரு புரதத்தையும் தேடி ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் அழிகிற புரதத்தில் ஒட்டினால் நீலம். நின்று நிலைக்கிற புரதத்தில் ஒட்டினால் காவி. வெள்ளிக்கிழமை இரண்டு படங்களும் வந்துவிட்டன. செண்பகவல்லி அவற்றைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினாள். கணவனும் மனைவியும் தங்கள் தங்கள் தலைக்குள் இருப்பதை அண்ணாந்து பார்த்தார்கள்.

"இது உங்களுது மேடம். இங்க பாருங்க, மூக்குக்கு மேல. இருட்டு. குச்சி சொன்னது பொய் இல்ல, அங்க ஒண்ணுமே இல்ல. ஆனா மத்த இடமெல்லாம்..."

மற்ற இடமெல்லாம் நீலமும் காவியும் அடைத்துக்கொண்டு கிடந்தன. பின்மூளையில் ஒரு விதமாக, நெற்றிப் பக்கம் வேறு விதமாக, நடுவில் இன்னொரு விதமாக. ஒரு வட்டாரத்தின் நிறம் இன்னொரு வட்டாரத்தில் இல்லை. டெல்பினா கைதட்டினாள்.

"பாத்தீங்களாங்க! அடுத்து இவருது, இவருது போடுங்க."

இரண்டாவது படத்திலும் மூக்குக்கு மேலே அதே இருட்டு, அச்சில் வார்த்த மாதிரி அதே வடிவம். பின்மூளை ஜொலித்தது. "முப்பது வயசு மெக்கானிக்கோடது மாதிரி இருக்கு, சார்" என்றாள் டாக்டர். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் சொல்லாததை டெல்பினா தானே பார்த்துவிட்டாள். நெற்றிப் பக்கம் வெளிறிக் கிடந்தது. இருட்டு இல்லை, ஆனால் அடர்த்தியும் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள்.

"அது என்னது?"

"முடிவெடுக்கிற இடம்."

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப குச்சி சரியாத்தான் சொல்லிருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல்.

"இல்ல சார், நில்லுங்க." செண்பகவல்லி எழுந்து படத்தின் அருகே போய் விரலை வைத்தாள். "வயசாகித் தேஞ்சா எப்படி இருக்கும்னு நான் பத்து வருஷம் பாத்துருக்கேன். முதல்ல நீலம் போயிரும். காவி மட்டும் திட்டுத்திட்டா மிஞ்சும். இங்க பாருங்க, நீலமும் காவியும் இருக்க வேண்டிய விகிதத்துலதான் இருக்கு. ஆனா ரெண்டுமே கொஞ்சமா இருக்கு. இது வீடு இடிஞ்சு விழுந்தது இல்ல. ஆள் குடியில்லாம பூட்டிக் கிடந்த வீடு."

"எப்ப இருந்து?" என்று டெல்பினா கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு ஆறேழு வருஷமா இருக்கும். அந்த இணைமுனைக்கு வேலை கொடுத்தாத்தான் புரதம் புதுசா வரும். வேலையே கொடுக்கலன்னா உடம்பு எதுக்கு அனுப்பும்?" டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "சார் பழுத்தப்ப இந்த இடம் நல்லாத்தான் இருந்திருக்கும். பழுப்புன்னு சொன்ன பிறகுதான் இப்படி ஆகியிருக்கு."

சோறா கஞ்சியா, நீலமா வெள்ளையா, எல்லாம் டெல்பினாவின் காதுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து போயின. நீ சொன்னா சரி. அவளும் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறாள். சலிக்காமல், அன்பாக, அவருக்கு ஒரு சிரமமும் வைக்காமல்.

"திரும்ப வருமா?" என்றாள்.

"வரலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கதவு இருக்கு, சன்னல் இருக்கு. குடியேறணும், அவ்வளவுதான்."

சனிக்கிழமை மேல்முறையீட்டுக் குழு கூடியது. மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி, பொறுமைசாலிதான். இரண்டு படங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேப்டன், உங்க விஷயத்துல குச்சி தவறு. ஒத்துக்கறோம். உங்க கையெழுத்து செல்லும். ஆனா உங்க கணவர் விஷயத்துல, எந்த வழியாச் சொன்னாலும் முடிவு சரிதானே? அவரால முடிவெடுக்க முடியல. ரெண்டுல ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. இதை வச்சு ஒரு தெருவுக்கே எப்படி உத்தரவு போடறது?"

டெல்பினா எழுந்தாள். புயல் கூண்டு ஏற்றிய நாளில் கப்பலின் மேல்தளத்தில் நிற்பது போல் கால்களை அகட்டி நின்றுகொண்டாள்.

"ஐயா, நல்லா இருந்த மனுஷனோட மூக்கைப் பாத்துட்டு அவர் மூளைக்குப் பூட்டுப் போட்டீங்க. சாவியை என்கிட்ட கொடுத்தீங்க. நானும் பத்திரமா வச்சிருந்தேன், ஒரு நாள் கூடத் திறக்காம. இப்ப உள்ள தூசியா இருக்கு, பூட்டுனது சரிதான்னு சொல்லுதீங்க. அந்தத் தெருவுல இப்படிப் பூட்டுன வீடு எத்தனை இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? இன்னும் எத்தனை பேருக்குத் தூசி பிடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கீங்க?"

நீதிபதி டாக்டரைப் பார்த்தார். செண்பகவல்லி, "மூக்குல இருக்கிற இருட்டு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் சார். அது களத்துப் பொடி. நெத்தியில இருக்கிறது சட்டம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் பயந்துபோனாள்.

மூன்று பேரும் குனிந்து பேசிக்கொண்டார்கள். கடைசியில் வந்த உத்தரவு இதுதான்: பேட்டையில் பிறந்தவர்களுக்கு இனிக் குச்சி கிடையாது; எல்லோருக்கும் மூளைப்படம். டெல்பினாவின் வளை பச்சை. இன்னாசியின் வளை பழுப்பாகவே இருக்கும். அடுத்த வருடம் மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம். அதுவரை மனைவியே துணையாள்.

வெளியே வந்து படியிறங்கும்போது இன்னாசி, "பரவாயில்லட்டி. வீடு மிஞ்சிச்சில்லா" என்றார். "ஒரு வருஷம்தான" என்றாள் டெல்பினா. பஸ்ஸா ஆட்டோவா என்று அவள் சொல்லட்டும் என அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கப் போய், மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் அந்த வெயிலில் ரொம்ப நேரம் நின்றார்கள். கடைசியில் அவர் நடக்கத் தொடங்கினார். வீடு வரைக்கும் நடந்தே போனார்கள். அதுவும் ஒரு முடிவுதான் என்று டெல்பினா எடுத்துக்கொண்டாள். கால் வலி மட்டும் இரண்டு நாள் இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. டெல்பினாவுக்குக் குச்சி இல்லை. வளை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. வெளிக்கடலில் இரும்புத் தாது ஏற்ற வந்த பெரிய கப்பல் ஒன்று அவளுக்காக நின்றது. படகுத்துறைக்குப் போகும் வழியில்தான் மீன் ஏலக்கூடம். இன்னாசியையும் அழைத்துக்கொண்டு அங்கே போனாள். மீன்காரி பாக்கியத்தின் பலகையில் மீன்கள் வரிசையாகக் கிடந்தன: பாறை, விளைமீன், ஊளி, ஒரு குவியல் சாளை.

"வாங்க கேப்டன், என்ன வேணும்?" என்று பாக்கியம் தராசை எடுத்தாள்.

"அவர்கிட்டக் கேளு."

பாக்கியம் சிரித்தாள். வேடிக்கை என்று நினைத்தாள். பழுப்பு வளையைப் பார்த்து மறுபடி டெல்பினாவைப் பார்த்தாள். டெல்பினா பச்சை வளை போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.

"நீ சொன்னா சரி" என்றார் இன்னாசி.

அவள் திரும்பவில்லை.

"ஏட்டி, டெல்பினா. உனக்குத்தான் நேரமாச்சு. ஏதாவது சொல்லு."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "ஐயா, சோலியத்த ஆளா இருக்கியளே, தள்ளி நில்லுங்க" என்று ஒருவன் கத்தினான். துறையில் புகாரி படகின் ஹாரனை அடித்தான். பிறகு தும்மினான், அது ஹாரனை விடச் சத்தமாகக் கேட்டது.

"கேப்டனக்கா! கப்பல்ல கேக்காங்க! நீரோட்டம் மாறிரும்!"

"நிக்கச் சொல்லு!"

"எவ்வளவு நேரத்துக்கு?"

டெல்பினா கடலையே பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஒரு கப்பலையும் அவள் காக்க வைத்ததில்லை. தூரத்தில் அந்தப் பெரிய கப்பல் ஒரு வார்த்தைக்காக அசையாமல் நின்றது. பலகைக்கு முன்னால் இன்னாசியும் அப்படியே நின்றார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. கை மட்டும் தானாக நீண்டு, பாறை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தது; வயிற்றை விரலால் அழுத்தியது. அழுத்திய பள்ளம் மேலே எழும்பவில்லை.

"இது நேத்து மீனு" என்றார்.

பாக்கியம் வாயைத் திறந்தாள். "யாரு சொன்னா, இப்பத்தான்—"

"இது வேண்டாம்." சத்தம் குறைவாகத்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "இது வேண்டாம். அந்த ஊளியைப் போடு."

டெல்பினா முதுகுக்குப் பின்னால் இருந்த கையை எடுத்து முன்னால் கொண்டுவந்தாள். பச்சை வளையைத் தராசின் கண்ணாடியில் தொடப் போனாள்.

"இரு, இரு" என்று இன்னாசி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "ஊளி வேண்டாம். முள்ளு. இன்னும் கொஞ்சம் பாக்கேன்."

படகிலிருந்து மறுபடியும் ஹாரன் கேட்டது. டெல்பினா கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"பாருங்க" என்றாள். "நல்லாப் பாருங்க. கப்பல் நிக்கும்."